ராசம்மாளின் சிட்டா

கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே இருக்கும் ஜான்சியின் ஜெராக்ஸ் கடைக்குத் திங்கட்கிழமைகளில் மனு எழுத வருகிறவர்கள்தான் அதிகம். அன்று முதல் ஆளாக வந்தவள் காடாம்புலியூர் ராசம்மாள். முந்திரித் தோப்பில் போர் போட பாங்க் லோனுக்குப் போன மாதம் அவளுக்கு எல்லாக் காகிதங்களையும் தயார் செய்து கொடுத்தது ஜான்சிதான்.

"லோன் வந்துடுச்சாக்கா?"

"எங்க வந்துது! நெலம் எம்பேர்லயே இல்லியாம். கொழுந்தன் அன்பரசு பேர்ல இருக்குதாம். அண்ணன் செத்து ரெண்டு வருசம் ஆவுல, எம்பங்கையும் மாத்திக்கிட்டான் பாரு. கலெக்டருக்கு ஒரு மனு அடி, சுருக்குனு தைக்கிற மாதிரி."

"அவர கேட்டீங்களா?"

"வுடுவனா? பஸ் புடிச்சு சிதம்பரத்துக்கே போனேன். அண்ணாமலை நகர்ல ஆஸ்டல் மெஸ்ல பரிமாறுறான். அத்தினி புள்ளைங்க எதிர்ல மானத்த வாங்கிட்டேன். சாம்பார் வாளியோட நின்னவன் ஒரு வார்த்த பேசுலியே. திருடனுக்குப் பேச்சு வருமா?"

நில விவரம் சேர்ப்பதற்காக, ராசம்மாள் கொடுத்த பழைய பட்டாவைப் பார்த்து எண்களைத் தட்டினாள் ஜான்சி. சர்வே எண் 84, உட்பிரிவு 2ஏ. திரையில் பெயர் வந்தது: வைத்திலிங்கம் மனைவி ராசம்மாள்.

விரல்கள் நின்றுவிட்டன. பாங்க் திருப்பிக் கொடுத்த காகிதக் கட்டைப் பிரித்தாள். அவளே எடுத்துக் கொடுத்த சிட்டா நகல். உட்பிரிவு 2பி, பெயர் அன்பரசு. பாகம் பிரித்தபோது தம்பிக்குப் போன பக்கத்து நிலம். அன்று கடையில் கூட்டம். பெயரைக்கூடப் படிக்காமல் பிரிண்ட் எடுத்துக் கட்டில் சேர்த்திருக்கிறாள்.

'சிஸ்டம் தப்பு' என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ பேரிடம் சொன்னதுதான். சொன்னால் ராசம்மாள் நம்புவாள், கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு டீ வாங்கித் தருவாள். ஜான்சிக்குத் தன்னை நினைத்தே கூசியது. தான் பயப்படுவது ராசம்மாளுக்கு இல்லை, வாசலில் நிற்கும் நாலு பேர் காதில் விழுந்துவிடுமே என்பதற்குத்தான்.

வாளியோடு வாயடைத்து நின்றவனை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் கண்ணுக்குள் அவன் நின்றான்.

"அக்கா, மனு வேணாம். நெலம் உங்க பேர்லதான் இருக்கு. நாந்தான் அவரு நெலத்துக் காகிதத்த மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன்." குரல் அடங்கித்தான் வந்தது.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ராசம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தினி புள்ளைங்க எதிர்ல…" என்றாள். தன் போனில் அன்பரசு நம்பரை எடுத்துக் காட்டி, "நீயே போன் போட்டு சொல்லு. எந்நம்பர பாத்தா எடுக்கமாட்டான்."

இரண்டு ரிங் போனதும் அன்பரசு எடுத்தான். பின்னால் தட்டுகள் உரசும் சத்தம்.

"கடலூர்லேந்து பேசுறேன். ஒரு லோன் விசயமா…"

"எனக்கு லோனெல்லாம் வேணாங்க."

துண்டித்துவிட்டான். ராசம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜான்சி மறுபடியும் போட்டாள்.

"அண்ணா, வைக்காதீங்க. உங்கண்ணி நெலத்த நீங்க மாத்தல. தப்பு எம்மேல," என்றாள், தட்டுகளின் சத்தத்தையும் மீறி.

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.