பென்சில் அடைப்புக்குறி

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடத்துக்கு ஒத்து வராத அளவைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் "கருவிக் கோளாறு" என்று எழுதுவோம். அது சராசரியில் சேராது. தலைவி என்பதால் பென்சில் என் கையில்.

உலோகக் கம்பியைச் சூடாக்கினால் நீளும். இதுதான் பாடம். என் தங்கை ஆராய்ச்சிப் பட்டத்துக்காக ஒரு புதுக் கலவைக் கம்பியைச் சூடாக்கினாள். அது மயிரிழை அளவு சுருங்கியது. கருவியை மாற்றச் சொன்னேன். மூன்று முறை மாற்றினாள். மூன்று கருவியுமா ஒரே மாதிரி கெட்டுப்போகும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நூற்றுப் பதினேழு அளவுகளை அடைத்தேன். அவற்றை நீக்கினால்தான் ஆய்வேட்டில் என் கையெழுத்து என்று பிடித்த பிடியில் நின்றேன். அவளும் என் தங்கைதானே, நீக்கவில்லை. பட்டமே வேண்டாம் என்று போய்விட்டாள்.

அவள் கணவர் தத்துவப் பேராசிரியர். அறிவியல் எப்படி மாறுகிறது என்று தலையணை கனத்தில் புத்தகம் எழுதியவர். "அண்ணி, அறிவு சொட்டுச் சொட்டா சேருதுன்னு நெனைக்கிறீங்க. ஒத்து வராததையெல்லாம் ஒதுக்கி ஒதுக்கி வெச்சா, ஒரு நாள் வீடே தாங்காது. வேற வீடுதான் கட்டணும்" என்பார். ஒரு கம்பியைக்கூடச் சூடாக்கிப் பார்க்காத மனுஷன் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சல் வரும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, வேறு இரண்டு ஆய்வகங்களில் அதே கம்பி சுருங்கியது. பாடம் மாறியது. நான் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு, தங்கை வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினேன்.

ஒருவருக்குக் கண்ணாடியைக் காதுக்குப் பொருந்த வளைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நோட்டை விரித்தேன்.

"தப்பு என்மேலதான்டி. இதை உன் பேர்ல வெளியிடணும். ஒரு கையெழுத்துப் போடு."

அவள் என் பென்சில் கோடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள்.

"போடறேன். பென்சில் இன்னும் உன்கிட்டதானே அக்கா?"

"ஆமா."

"இந்த மாசம் எத்தனை அடைப்புக்குறி போட்டே?"

"நாலு." புதுப் பாடத்துக்கு ஒத்து வராதவை. புதிதாகச் சேர்ந்த பெண் எடுத்த அளவுகள். "கருவி சரியில்ல. மாத்தச் சொல்லியிருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

தங்கை கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் வேலையை விட்டுப் போகலயே? போ அக்கா."