கருத்துக் கேட்ட கூட்டம்

தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த அந்த றப்பர்த் தோட்டத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்தவள் துஷ்யந்தி ஒருத்திதான். அதனால், 2002இல் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் திருத்தும் திட்டம் பற்றிக் கருத்துக் கேட்க உதவி நிறுவனமொன்றிலிருந்து வந்த நெதர்லாந்துக்காரி மார்த்தா, அவளையே மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் பால்வெட்டும் கன்னையா முதலில் எழுந்தார்.

"தொரசாணிக்கிட்ட சொல்லு புள்ள. மேல் லயத்துக்குப் பின்னால மல வெடிச்சிருக்கு. போன வருசம் வெடிப்புக்குள்ள வெரல்தான் நொழஞ்சிச்சு, இப்ப கையே நொழையுது. எங்கள அங்கயிருந்து எறக்கி வேற எடத்துல வச்சா போதும்."

மேல் லயத்துப் பதினெட்டுக் குடும்பமும் அதையே சொன்னது. மார்த்தா மூச்சிரைக்க ஏறிப்போய் வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். தன் நாட்டில் திட்டம் முடிவாகுமுன் வரைபடத்தை மக்கள் முன் வைப்பார்கள், நாலு வீட்டார் மறுத்தாலும் அமைச்சு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும் என்றாள். துஷ்யந்தி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன்பாட்டில் ஒரு வரி சேர்த்தாள்: "இங்கயும் அப்படித்தான் செய்வாங்க."

அறிக்கையோடு இருவரும் கொழும்புக்குப் போனார்கள். அமைச்சில் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி நல்ல மனிதர்தான். தேநீர் வரவழைத்தார். துஷ்யந்தியிடம் மட்டும், தங்கச்சி என்ற உரிமையோடு, சிங்களத்தில் சொன்னார்:

"நங்கி, கூரைத் தகரம் மட்டும் கொடுப்பது என்று போன வருசமே முடிவாகிவிட்டது. கூட்டம் வைத்தால்தான் உதவிப் பணம் வரும், அதனால் வைத்தோம்."

"மலை வெடிப்பு?"

"அது வேறு அமைச்சு. நிலமும் கம்பனியுடையது."

மார்த்தா இரண்டு கடிதம் எழுதினாள். பிறகு அவளுடைய பணிக்காலம் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள்.

துஷ்யந்தி கன்னையாவிடம் மறைக்கவில்லை. "அந்தம்மா அவங்க ஊரப் பத்தித்தான் சொன்னாங்க மாமா. இங்கயும் அப்படின்னது நானா சேத்தது."

கன்னையா அவளைத் திட்டவில்லை. "அப்ப மல விழாதுன்னும் ஒரு வார்த்த சேத்துச் சொல்லேன்" என்றார்.

தகரம் வந்தது. எல்லோருமாக ஏறி நின்று ஆணி அடித்தார்கள்.

மறு வருடம் வைகாசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை, கன்னையா வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போயிருந்த நேரம், மலை இறங்கியது. ஏழு பேர் போனார்கள். அதில் அவர் மனைவி தங்கம்மாவும் மருமகளும்.

ஒரு மாதம் கழித்து, நிவாரணப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் துஷ்யந்தியிடம் வந்தார். சிங்களத்தில் இருந்த அதை அவள் நிரப்பிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"என்னா கேக்குறான்?"

"வீட்டு உறுதிப் பத்திர நம்பர் மாமா. உறுதி உள்ளவங்களுக்குத்தான் காணி குடுப்பாங்களாம்."

"லயத்துக்கு ஏது உறுதி?"

அவள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

மிஞ்சியவர்கள் ஆறு மாதம் பள்ளிக்கூடத்தில் கிடந்தார்கள். பிறகு தோட்ட நிர்வாகம், அதே மலையில், இன்னும் கொஞ்சம் உயரத்தில் பாழடைந்து கிடந்த ஒரு லயத்தைத் திறந்துவிட்டது. சட்டிபானையைச் சுமந்துகொண்டு எல்லோரும் ஏறினார்கள். போகமாட்டோம் என்று சொல்ல அவர்களுக்கு வேறு இடமில்லை.