றபீக்காவின் பொலி

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, சாய்ந்தமருதுக்கு மேற்கே வட்டை என்கிற வயல்வெளியில், றபீக்காவின் களத்தில் கிடந்த நெற்குவியல் வளரத் தொடங்கியது. சித்திரை பிறக்கும்போது அது மாவடிப்பள்ளி வீதியை மூடிவிட்டது. பஸ் வேறு வழியாகச் சுற்றிப் போனது. அந்த ஆண்டு கல்முனைச் சந்தையில் கத்தரிக்காய் விலை ஏறியிருந்தது, மீன் பரவாயில்லை, நெல்லை மட்டும் நாய்கூட மோந்து பார்க்கவில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முழங்கால் புதைய நெல்லின் மேல் நடந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது அவர்கள் அல்ல.

நெல் அளக்கிற இடத்தில் எங்கள் பக்கத்துக்கு என்று தனிப் பேச்சு இருந்தது. களத்துக்குள் நெல்லை நெல் என்று சொல்வதில்லை. மரைக்கால் என்கிற மர அளவையால் அள்ளி, முதல் அளவைக்குப் பிஸ்மி சொல்லி, அதன்பிறகு ஒவ்வொரு கொட்டலுக்கும் ‘பொலி, பொலி’ என்பார்கள். பெருகு, பெருகு என்று நெல்லுக்கே சொல்கிற சொல் அது. ‘இல்லை’, ‘போதும்’ என்ற இரண்டு சொற்களுக்கும் அங்கே இடமில்லை. களத்தில் சோறு போடும்போது வயிறு நிறைந்துவிட்டால்கூட வாய் திறக்காமல் கையைத்தான் காட்டுவார்கள். வேலை முடிந்ததும் மரைக்காலைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்தால்தான் இன்றைக்கு இவ்வளவு என்று நெல்லுக்கு விளங்கும். வெட்டு மெசின் வந்து, வயலிலேயே நெல் பையில் விழத் தொடங்கிய பிறகு இதையெல்லாம் எல்லாரும் கைகழுவி விட்டார்கள். றபீக்கா மட்டும் விடவில்லை. மெசினுக்கு வாயில்லையே என்பாள். விதைக்கும் வீட்டுக்கும் எடுக்கிற நெல்லைக் களத்தில் குவித்து, தானே அளப்பாள்.

அவளுக்கு இருந்தது அந்த ஒரு காணித் துண்டுதான். கணவன் முகம்மது தம்பி கத்தாரில் இருந்து பெட்டியில் வந்து இறங்கிய கிழமையே அவனுடைய காக்காமார், மூத்த அண்ணன்மார், காணியைக் கேட்டு வந்தார்கள். பொம்புளைக்கு என்ன வெள்ளாமை என்றார்கள். அவள் அதில் வெள்ளாமை செய்து காட்டினாள். காலை பஜ்ருத் தொழுதுவிட்டு வரம்பில் நின்றால் வெயில் ஏறித்தான் வீட்டுக்கு வருவாள். அந்தக் காணி போனால் தானும் போனதுதான் என்று சொல்லுவாள். அதில் மிகை ஒன்றும் இருக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பர்ஸான் வந்தான். முகநூலில் ‘வட்டைச் செய்தி’ என்று விவசாயப் பக்கம் நடத்துகிறவன். காலையில் நெல் விலை சொல்வான், பகலில் கிருமிநாசினி விளம்பரம் போடுவான், பின்னேரம் ‘விவசாயி விழித்துக்கொள்வானா?’ என்று கருத்துச் சொல்வான். மூன்றுக்கும் ஒரே வாய். அன்றைக்கு ‘செழுமை’ என்ற திரவப் பசளைக் கம்பனிக்காகக் கெமராக்காரர் இரண்டு பேரோடு வந்திருந்தான். றபீக்காவின் வயல் ஆட்டெருவைத் தவிர வேறு பசளையைக் கண்டதில்லை. அது அவனுக்குத் தடையாகத் தெரியவில்லை.

“ராத்தா, நீங்க பொலி பொலி எண்டு செல்லிக் கொட்டுங்க. அவ்வளவுதான். கொழும்புல இரிக்கிறவனுக்கு இது புதுசு.”

“அளந்து முடிஞ்சி மரைக்காலையும் கவுத்தாச்சி தம்பி. இனித் திருப்பிச் செல்லக்கூடா.”

“நடிப்புத்தானே ராத்தா. நெல்லுக்கு விளங்கவா போகுது? உங்கட நெல்ல இந்தமுறை கம்பனி நேரா எடுக்கும். நான் பொறுப்பு.”

மில்காரனின் வாசலில் போய் நிற்கத் தேவையில்லை என்ற ஆசைதான் அவளைக் கவிழ்த்தது. கவிழ்ந்து கிடந்த மரைக்காலை நிமிர்த்தி அள்ளினாள், கொட்டினாள், பொலி என்றாள். சூரியன் பின்னால் நிற்கிறது என்றார்கள். திரும்பி நின்று மறுபடியும் சொன்னாள். மோட்டார் சைக்கிள் சத்தம் விழுந்துவிட்டது என்றார்கள், மறுபடியும் சொன்னாள். பல்லுத் தெரியச் சிரிக்கச் சொன்னார்கள்; சிரித்துக்கொண்டும் சொன்னாள். எத்தனை தரம் என்று ஒருவரும் எண்ணவில்லை. கடைசியில் பர்ஸான் ஒரு கிழமையில் கொண்டுவந்து தருவதாகச் சொல்லி, படம் எடுக்க மரைக்காலையும் வாங்கிக்கொண்டு போனான். அவள் கவிழ்க்கக் கையை நீட்டியபோது வேன் புறப்பட்டு விட்டது.

அஸருக்குப் பாங்கு சொன்ன நேரம் குவியல் அவள் இடுப்பு மட்டத்துக்கு வந்திருந்தது. யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் களத்தை நிறைத்தது, ஜும்ஆவுக்குள் வரம்பைத் தாண்டியது. வந்தவர்கள் முதலில் மாஷா அல்லாஹ் என்றார்கள், பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாக்குக் கொண்டுவந்தார்கள். அவள் யாரையும் தடுக்கவில்லை. எடுக்க எடுக்க அது நிறைந்தது. மருதமுனையில் தறிக்காரர்கள் தறிக்குழிக்குள் நெல்லைச் சேமித்தார்கள், கடற்கரையில் மீன்பெட்டிக்குள் நெல் கிடந்தது. நல்ல மணிதான். சப்பி என்கிற பதர் ஒன்றுகூட இல்லை. ‘செழுமை போட்ட வயலில் சாதனை விளைச்சல்!’ என்று பர்ஸான் போட்டான். அது நாடு முழுக்கப் பரவியது. பசளை வாங்கக் கடைகளில் வரிசை நின்றது.

பிறகுதான் விலை விழுந்தது. கல்முனையில் போத்தல் தண்ணீர் வாங்குகிற காசுக்கு நெல்லைச் சாக்கோடு தருகிறோம் என்று கூவினாலும் ஆளில்லை. சும்மா கிடைப்பதை எந்த மடையன் வாங்குவான்? அரசாங்கம் நெல் எடுக்கிற நிலையத்தில் முதலில் ஈரப்பதம் கூட என்றார்கள், அடுத்து இடம் இல்லை என்றார்கள், பிறகு கேற்றைப் பூட்டினார்கள். சொறிக்கல்முனைக் கனகசிங்கம், அவளுடைய வயலுக்கு மேற்கே குத்தகைக்குச் செய்கிறவர், தன்னுடைய நெல்லை வீதியோரத்தில் காயப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மில் லொறிகள் அதன் மேலாலேயே ஏறிப் போயின. சாரதிகள் திரும்பியும் பார்க்கவில்லை.

பர்ஸான் பின்னேரக் கருத்துக்கு வந்தான். ‘மிகை உற்பத்தி: விவசாயி திட்டமிடத் தவறினானா?’ என்பது தலைப்பு. பேராசிரியர் ஒருவர் கொழும்பில் குளிரறைக்குள் இருந்து பேசினார். கேள்வி குறைந்து நிரம்பல் கூடிவிட்டது, அதாவது வாங்குகிறவர் குறைந்து வரத்துக் கூடிவிட்டது என்று விளக்கினார். நிரம்பியதை நாங்கள் முழங்காலால் அறிந்திருந்தோம். நெல்லை விட்டுவிட்டுப் பாஷன் புரூட் நடச் சொன்னார். எந்த நிலத்தில் என்று யாரும் கேட்கவில்லை, பாதி நிலம் நெல்லுக்குக் கீழே கிடந்தது. கடைசி வரியில் பர்ஸான், ஒரு சிலரின் பேராசையால் ஒரு பிரதேசமே பாதிக்கப்படுகிறது என்று சொன்னான். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அடுத்த நாள் றபீக்காவின் கேற்றில் யாரோ சாணி எறிந்திருந்தார்கள். சாக்கோடு வந்து அள்ளிய கைகளில் ஒன்றுதான் அது.

அவள் கல்முனைக்குப் போய்ப் பர்ஸான் அந்தப் பக்கத்தை நடத்துகிற கடை வாசலில் நின்று மரைக்காலைக் கேட்டாள். “அது ஹெட் ஒபிஸ்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரிக்கி ராத்தா. எங்கட அடையாளம் எண்டு செல்றாங்க. நான் கேட்டுப் பாக்கன்” என்றான். போகும்போது அவளை வைத்து ஒரு படமும் எடுத்துக்கொண்டான். அவள் வேறு மரைக்கால் இரவல் வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள், வாளியைக் கவிழ்த்தாள், சோத்துப்பானையைக் கவிழ்த்தாள். எல்லாவற்றையும் நெல் தலையில் தூக்கிக்கொண்டு வளர்ந்தது. திறந்த மரைக்கால்தான் மூட வேண்டும்; மற்றதை நெல்லுக்குத் தெரியாது.

வட்டவிதானை ஷரிபுதீன், வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிடுகிறவர், கூட்டம் கூட்டினார். ஆம்பிளைகள் பேசினார்கள், அவளைக் கூப்பிடவில்லை. அந்தச் சொல்லை அவள் சொன்னால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். எல்லாரும் நிலத்தைப் பார்த்தார்கள். களத்தில் நின்று ‘போதும்’ என்றால் நெல் நிற்கும், ஆனால் சொன்னவளின் காணியும் அதைக் கேட்டுவிடும், அதற்குப் பிறகு அது எதையும் தராது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரி என்று எழும்பினார்கள். போய்ச் சொல்ல மட்டும் ஒருவருக்கும் முகம் இருக்கவில்லை. கடைசியில் யாரும் அனுப்பாமலே கனகசிங்கம் வந்தார்.

“நான் ஒண்டும் கேக்க வரல்ல தங்கச்சி. சும்மா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்.”

“இரிங்க அண்ணன். தேத்தண்ணி குடிங்க.”

அவர் குடித்தார். கோப்பையைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். “என்ர நெல்ல எருமைக்குப் போட்டன். அது திண்டுபோட்டு என்னையே பாத்துக்கொண்டு நிண்டிச்சு.”

“நீங்களும் அதத்தான் கேக்கீங்க, என்ன?”

கனகசிங்கம் கோப்பையை உருட்டுவதை நிறுத்தினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

“ஓம் தங்கச்சி” என்றார்.

றபீக்கா அவருடைய கோப்பையை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு அழுதாள். அன்றைக்கு அவள் அழுததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். பிறகு அவர் அதைச் சொல்லிச் சொல்லித் தன்னையே ஏசிக்கொள்வார்.

அடுத்த நாள் முற்பகலில் அவள் வெறுங்காலோடு குவியலில் ஏறினாள். கால் புதையப் புதைய ஏறினாள். வீதியில் சனம் நிறைந்து நின்றது. கச்சான் கடலை வண்டிகூட வந்துவிட்டது. உச்சியில் நின்று பார்த்தால் கிழக்கே கடல் தெரியும், மேற்கே அவளுடைய காணி தெரியும். அவள் மேற்கேதான் பார்த்தாள். காலையில் நின்று பழகிய வரம்பை, தூர்வாரிய வாய்க்காலை, காக்காமாரோடு வாய்ச்சண்டை போட்ட மூலையைப் பார்த்தாள். வெகுநேரம் நின்றாள். சொல்லாமல் இறங்கிவிடுவாளோ என்று கீழே முணுமுணுத்தார்கள். அந்த நேரத்தில் பர்ஸான் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கப் பின்னால் ஏறி வந்தான். நேரலை போய்க்கொண்டிருந்தது.

“ராத்தா, எங்கட நேயர்களுக்கு ஒரு வார்த்த செல்லுங்க!”

அவள் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து, நெல்லைப் பார்த்துச் சொன்னாள்.

“போதும்.”

குவியல் மூச்சு விட்டதுபோல் ஒருமுறை தணிந்தது. அவ்வளவுதான். அன்று பின்னேரத்துக்குள் அத்தனையும் சப்பியாகிவிட்டது. அள்ளிச் சென்றவர்களின் வீட்டிலும், தறிக்குழியிலும், மீன்பெட்டியிலும் வெறும் உமி கிடந்தது. மூன்றாம் நாள் மேற்கே இருந்து அடித்த கச்சான் காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. அடுத்த போகத்தில் விலை தலையெடுத்தது. கனகசிங்கம் குத்தகையைக் கட்டி மேற்கொண்டு ஒரு துண்டும் எடுத்தார். றபீக்காவின் காணியில் நெல்லும் இல்லை, புல்லும் இல்லை. மாரி மழை அடித்து ஊற்றும்போதும் அந்த ஒரு துண்டு வெடித்துக் கிடக்கிறது. கொக்கு அதில் இறங்காமல் பக்கத்து வரம்பில் இறங்குகிறது. ஷரிபுதீன் தண்ணீர் முறையில் இருந்து அவளை எடுத்துவிட்டார். வெள்ளாமை இல்லாத காணிக்குத் தண்ணி எதுக்கு என்றார். நியாயம்தான். எங்கள் ஊரில் எல்லாருக்கும் நியாயம் தெரியும்.

அந்தச் சொல் பர்ஸானைத் தொடவில்லை, அது நெல்லுக்குச் சொன்னது. நேரலைத் துண்டு ‘செழுமை’க்குப் பிடித்துப்போனது. கம்பனி அரிசி வியாபாரத்திலும் இறங்கி, ‘போதும் என்று சொல்ல வைக்கும் அரிசி’ என்று விளம்பரம் செய்தது. ஆனால் சொல் றபீக்காவின் நாக்கிலேயே தங்கிவிட்டது. தங்கை மகள் றிஸ்னா தேத்தண்ணி ஊற்றும்போது பழக்கதோசத்தில் போதும் என்றாள். அந்தக் கேத்தலில் அதற்குப் பிறகு தண்ணீர் நிற்கவில்லை. மாட்டுக்காரி பால் அளக்கும்போதும் றபீக்கா அப்படிச் சொன்னாள், மாடு வற்றியது. அன்றிலிருந்து எதற்கும் கையைத்தான் காட்டுகிறாள். ஊரும் பழகிவிட்டது. கல்யாண வீட்டில் சகன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டு வைக்கிறவர்கள் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு சோறு போடுவார்கள்.

சிக்கல் சந்தையில்தான். அரிசியைத் தராசில் கொட்டுகிற எந்தக் கடைக்காரனும் “போதுமா ராத்தா?” என்று கேட்டுவிடுவான். கேட்டால் வாய் பதில் சொல்லப் பார்க்கும். அடுத்தவன் கடையைக் கெடுக்க அவளுக்கு மனம் இல்லை. அதனால் பைக்கட் அரிசி வாங்குகிறாள். பைக்கட்டுக்கு யாரும் அப்படிக் கேட்பதில்லை. எங்கள் கடைகளில் இப்போது கிடைப்பது ‘செழுமை’ பைக்கட் ஒன்றுதான். அதன் முன்பக்கத்தில் பல்லுத் தெரியச் சிரித்துக்கொண்டு, மரைக்காலை நிமிர்த்திப் பிடித்தபடி அவளே நிற்கிறாள். கடைக்காரன் படத்தை உள்பக்கமாகத் திருப்பிச் சுற்றிக் கொடுப்பான். வீட்டுக்கு வந்து அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு, வெறும் பையை, படத்து மரைக்காலும் கவிழும்படி, சுவரோரம் தலைகீழாக வைக்கிறாள். ஒவ்வொரு முறையும் வைக்கிறாள். காணியில் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. நெல் விலை இந்தப் போகம் பரவாயில்லை என்கிறார்கள்.