அட்டையின் வலது மூலை

அந்தர்யாமிக்குப் பொருள் எழுதியது நான் இல்லை. முதலிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

எங்கள் தத்துவ அகராதி அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. முன்பக்கம் பொருள், பின்பக்கம் சொல் பிறந்த கதை. வலது மூலையில் எழுதியவரின் முதலெழுத்து, இடது மூலையில் படியெடுத்தவரின் முதலெழுத்து. பக்கத்து மேசை அக்கா இந்த ஒரு சொல்லோடு ஆறு வாரம் மல்லுக்கட்டினாள். அந்த அட்டையில் டீயைக் கொட்டிய புண்ணியவான் நான். நானே படியெடுத்தேன், வலது மூலையில் என் எழுத்தைப் போட்டேன். நிரந்தர வேலை ஒன்றே ஒன்று. போட்டியில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

மறுநாள் ஆசிரியர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து அட்டையைப் படித்தார்.

"'உயிருக்குள் உறைந்து, உயிர் அறியாமலே அதை நடத்துபவன்.' பிரமாதம்! ஆமா, பின்பக்கம் காலியா இருக்கே? சொல் எங்கேருந்து வந்துச்சு?"

அட மடையா! அவசரத்தில் அட்டையைத் திருப்பிப் பார்க்கவே இல்லையே. டீ கொட்டிய அட்டை குப்பையோடு போயாயிற்று. ஆசிரியர் என்னையே பார்த்தார்.

என் முழியைப் பார்த்து அக்காவே கைகொடுத்தாள். "சமஸ்கிருதம் சார். அந்தர்னா உள்ளே. யம்னா அடக்கி நடத்துறது. சும்மா உள்ளே குடியிருக்கறவன் இல்ல, கடிவாளமே அவன் கையிலதான்."

நேற்று நான் எழுத்தைப் போட்டபோது எங்கே போயிருந்தானோ அவன்.

"உனக்கும் தெரிஞ்சிருக்கே! ஆனா எழுதினது இவனாச்சே. வேலை இவனுக்குத்தான்" என்று ஆசிரியர் மூலையைக் காட்டினார்.

அக்கா அப்போதுதான் அதைப் பார்த்தாள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"சார், எழுதினது அக்கா. நான் வெறும் படியெடுத்தவன்."

ஆசிரியரின் முகம் சிவந்தது. அக்கா அவசரமாக என் பக்கம் சாய்ந்தாள்.

"அதானே பாத்தேன்! அவசரத்துல மூலை மாறிப்போச்சு சார். யாருக்கும் வர்றதுதான். மறந்துட்டே, இல்லடா?"

தலையாட்டினால் போதும், தப்பித்துவிடலாம்.

"மறக்கலக்கா" என்றேன். "தெரிஞ்சேதான் போட்டேன்."

அக்கா நிமிர்ந்தாள். தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.