நனையாத கோப்பு

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நகரம் எப்படி இருக்கும் என்று கேட்டால், திட்ட அலுவலகத்தில் எல்லோரும் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவார்கள். அடுத்த வாரம் மழை பெய்தால் கட்டடத்துக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது மட்டும் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பதிவறை எழுத்தர். அங்கே சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பதிவறை அக்கா.

பதிவறை தரைமட்டத்துக்கும் கீழே இருந்தது. நிரந்தரக் கோப்புகள் கீழ்த்தளத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மாடி பாரம் தாங்காதாம். ஆகவே மழைநீர் வடிகால் திட்டத்தின் கோப்பும் அங்கேயே குடியிருந்தது. அந்தத் திட்டம் தீட்டி முடிக்க நான்கு வருடம் ஆகும். பெருமழையோ மூன்று வருடத்துக்கு ஒரு தடவை வரும். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கோப்பு கூழாகும், அதிகாரிகள் முகம் கோணாமல் மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். இதற்கிடையே மூன்று முறை அடிக்கல் நாட்டியாயிற்று. கல் நாட்டத் திட்டம் முடிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையே! மூன்று கற்களும் அலுவலக வாசலில் பளபளவென்று நிற்கின்றன.

அக்காவின் வீடு அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த பள்ளச் சந்தில். அங்கே அவளுடைய மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். கால்கள்தான் ஓய்ந்தன, வாய் ஓயவில்லை. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அவர் கட்டிலின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் இரண்டு செங்கல் ஏறும். அடிக்கல் விழாவில் மிஞ்சிய செங்கல்தான். இப்போது காலுக்கு ஆறு.

"எழுந்து உட்கார்ந்தா ஃபேன் தலையைச் சீவிடும் போல இருக்கும்மா," என்றார் அவர். "உங்க ஆபீஸ் என்னை மேல அனுப்புற வேலையை மட்டும் கரெக்டா பண்ணுது."

அவள் சிரித்தாள். ஆனால் போன வெள்ளத்தை அவள் மறக்கவில்லை. அவள் நீந்தாத குறையாக வீட்டுக்குள் வந்தபோது மெத்தை நனைந்திருந்தது. அவர் ஜன்னல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவளை இன்னமும் பயமுறுத்தியது.

இந்த முறை அதிசயமாகத் திட்டம் முடிந்தேவிட்டது. பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தலைமைத் திட்ட அதிகாரி போட வேண்டும். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் தொலைநோக்கு. ஐம்பது வருடம் தள்ளிப் பார்க்கிறவர், குடை எடுத்துவர மட்டும் மறந்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை வானம் கறுத்தது. அக்கா அவர் அறைக்குப் போனாள்.

"சார், வடிகால் கோப்பை மட்டும் மேல எடுத்து வச்சிடட்டுமா?"

"ஏம்மா, நாம தலைமுறைகளைப் பத்தி யோசிக்கிறவங்க. செவ்வாய்க்கிழமை மழைக்கெல்லாம் பயந்தா எப்படி? நிரந்தரக் கோப்பு கீழதான் இருக்கணும்."

அவள் தலையாட்டினாள். மதியம் அவர் சாப்பிடப் போனதும், கோப்பைத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து அவருடைய அலமாரியின் உச்சியிலேயே வைத்தாள். அந்த அலுவலகத்தில் யாரும் தூசி தட்டாத இடம் அது ஒன்றுதான்.

மழை இரண்டு நாள் கொட்டியது. கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. சந்து வீட்டில் தண்ணீர் ஐந்தாவது செங்கல்வரை ஏறி, ஆறாவதை விட்டுவைத்தது. வெள்ளிக்கிழமை தண்ணீரை இறைத்து முடித்ததும், அக்கா கோப்பைக் கூட்ட மேசையில் கொண்டுபோய் வைத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஒரு துளி ஈரமில்லை. ஒரு சபாஷாவது கிடைக்கும் என்று நினைத்தாள், பாவம்.

தொலைநோக்கு கோப்பைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "இது எப்படி நனையலை?"

"மேல எடுத்து வச்சேன் சார்."

"ஆயிரத்து எண்ணூறு கோப்பு நனைஞ்சிருக்கு. இது ஒண்ணு மட்டும் நனையலைன்னா என்ன அர்த்தம்?"

"நான் எடுத்து வச்சேன்னு அர்த்தம் சார்."

"இடம் மாறின கோப்புல பக்கம் மாறலைன்னு எப்படி நம்பிக் கையெழுத்துப் போடுறது?"

"நகலோட ஒத்துப் பாருங்க சார்."

"நகல் கீழதானே இருந்துச்சு!"

பத்து வருடமாக எதையும் முடிவு செய்யாத கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிவெடுத்தது. கோப்பு நனையாமல் போனது பற்றி விசாரணை. அதுவரை கோப்புக்கு அரக்கு முத்திரை. விசாரணை முடிய மூன்று வருடம் ஆகலாம் என்றார்கள்.

"இதை எங்க சார் வைக்கணும்?" அவள் கொஞ்சம் ஆசையோடுதான் கேட்டாள்.

"என்ன கேள்வி இது? விசாரணை ஆவணம்னா நிரந்தர ஆவணம். கீழ வச்சிடு."

அவள் கீழே போனாள். தன் முந்தானையாலேயே தட்டைத் துடைத்து, இருப்பதிலேயே உயரமான தட்டில் கோப்பை வைத்தாள். சுவரில் இந்த வாரத்து நீர்க்கோடு அந்தத் தட்டுக்கு ஒரு சாண் மேலே ஓடியது.

வாசலில் நான்காவது அடிக்கல் விழாவுக்கு இறக்கிய செங்கல் குவிந்திருந்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. கைக்கு ஒன்றாக நான்கு நடையில் எட்டு செங்கல் வீட்டுக்குச் சுமந்தாள்.

மாமனார் செங்கலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடலையா?"

"போடலை மாமா."

அவர் தலைக்கு மேலே இருந்த ஃபேனைப் பார்த்தார். இந்தத் தடவை கேலி வரவில்லை.

"சரி விடும்மா," என்றார். "முதல்ல அந்த ஃபேனைக் கழட்டிடு."