ரஞ்சனா ஏறிய ஐந்தாவது மாடி

ரஞ்சனா காம்ப்ளே புனே நகரப் பேருந்தில் நடத்துநர். கல்யாண நகைகளை விற்று, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, ஊருக்கு வெளியே தளேகாவில் ஐந்தாவது மாடியில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தாள். இரண்டே வருஷத்தில் சாவி என்று சொன்னார் பில்டர் தேவ்கர். ஏழு வருஷம் ஓடியும் கட்டடம் எலும்புக்கூடாகத்தான் நின்றது. லிஃப்ட் வர வேண்டிய குழியில் மழைத்தண்ணீர் தேங்கித் தவளை கத்தியது. வாடகையும் வங்கித் தவணையும் சேர்ந்து அவளைப் பிழிந்தெடுத்தன.

ஏமாந்தது எழுபத்து மூன்று குடும்பங்கள். சிலர் ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் போய், பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவே வாங்கிவிட்டார்கள். ஆனால் ஜப்தி செய்யப் போனால், அந்த எலும்புக்கூட்டைத் தவிர தேவ்கர் பெயரில் ஒரு நாற்காலி கூட இல்லை.

வக்கீல் நீலிமா பாட்கர்தான் வேறு வழி சொன்னாள்.

"திவால் வழக்குப் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும். ஆனா ஆணையத்துல அவரு இந்தக் கட்டடத்துக்குப் போட்ட பதிவு போன மாசம் காலாவதி ஆயிடுச்சு. இப்போ மிச்ச வேலையை நாங்களே முடிச்சுக்கறோம்னு வீடு வாங்கினவங்க சங்கம் கேக்கலாம். சட்டத்துல இடம் இருக்கு. பாதிப் பேருக்கு மேல கையெழுத்து வேணும்."

ரஞ்சனா வேலை முடிந்ததும் ஏமாந்தவர்களின் வீடு வீடாக ஏறினாள். ஓய்வுபெற்ற ஆலை மேஸ்திரி கோர்படே வாசலிலேயே மடக்கினார்.

"டிக்கெட் கிழிக்கிறவ கட்டடம் கட்டப் போறியா?"

"கட்டுறவரு கிழிச்ச கிழிப்பைத்தான் பார்த்தோமே அண்ணே!"

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டாள். கோர்படே முறைத்துக்கொண்டே பேனாவைத் தேடினார். ஒன்றரை மாதத்தில் அறுபத்தொரு கையெழுத்து சேர்ந்தது.

ஆணையத்தில் விசாரணை நாளில் தேவ்கர் வெள்ளைச் சட்டையில் வந்தார். "தொண்ணூறு சதவீத வேலை முடிஞ்சுது ஐயா. பூச்சு வேலைதான் பாக்கி. ஒரு வருஷம் கொடுங்க."

ரஞ்சனா எழுந்தாள். "ஐயா, ஆறு ஞாயித்துக்கிழமை நான் ஒவ்வொரு மாடியா ஏறிப் பார்த்தேன். எண்பத்து நாலு வீட்டுல கதவு இருக்கிறது ஒம்பதுல. தண்ணிக் குழாய் ரெண்டாவது மாடியோட நிக்குது. எல்லாத்துக்கும் தேதி போட்ட படம் இருக்கு."

அதிகாரி படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு தேவ்கரை நிமிர்ந்து பார்த்தார். "லிஃப்ட் வாங்கின ரசீதைக் காட்டுங்க."

தேவ்கர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேஜையைப் பார்த்தார்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. மிச்சக் கட்டடத்தைச் சங்கமே முடிக்கலாம். வரைபடங்களையெல்லாம் தேவ்கர் ஒப்படைக்க வேண்டும். விற்காத பதினோரு வீடுகளை விற்று அந்தப் பணத்தை வேலைக்குப் போடலாம். நீலிமா போனில் படித்துச் சொன்னபோது ரஞ்சனா பேருந்தில் இருந்தாள். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கூச்சல் போட்டாள்.

அதற்குப் பிறகும் சண்டைக்குக் குறைவில்லை. டைல்ஸ் நிறத்துக்காகவே இரண்டு கூட்டம் பாதியில் கலைந்தது. கோர்படேதான் தினமும் குடையோடு வந்து நின்று, சிமெண்ட் கலவையில் மணல் கூடினால் ஒப்பந்தக்காரரைப் பிடித்து உலுக்கினார். பதினாறு மாதத்தில் ஏழு மாடியும் முடிந்தது. குடியேறும் சான்றிதழும் கைக்கு வந்தது.

சாவி கொடுத்த அன்று, தேவ்கரின் ஆள் ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, கேட்டுல ஐயா பேரை மட்டும் போட்டுட்டா நல்லா இருக்கும்னு..."

"கேஸ் கட்டுல அவர் பேரு நூறு இடத்துல இருக்கே, அது போதாதாமா?" என்றாள் ரஞ்சனா. கூட்டம் கொல்லென்று சிரித்தது. வந்தவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

அவள் ஐந்தாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தாள். குழாயைத் திருகினாள், முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர் கொட்டியது. ஈரக் கையோடே வாடகை வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, முப்பதாம் தேதி வீட்டைக் காலி பண்றேன். என் வீட்டுக்குப் போறேன்."