எட்டுத் தீப்பெட்டிக் கட்டில்

கோச்சடை பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பாண்டீஸ்வரி பதினோரு வருஷமாக வேலை பார்த்தாள். ஜெராக்ஸ் கடை என்று பேர்தான். பாதிக்கடை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சாமான்கள். சார்ட் பேப்பர், கம்பளி நூல், ஐஸ் குச்சிக் கட்டு, ஜிகினாத் தூள், பொம்மைக்கு ஒட்டுகிற உருட்டுக் கண். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அம்மாமார்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடி வருவார்கள்.

"நாளைக்கு பிராஜெக்ட்டாம்க்கா, இப்பத்தான் சொல்றான். பனிவீடு செய்யணுமாம்."

"பஞ்சு வாங்காதீங்க, உதிரும். பேப்பர் கப்பக் கவுத்தி வச்சு வெள்ளத்தாள ஒட்டச் சொல்லுங்க. கத்தரிக்க வேணாம். கையால கிழிச்சாத்தான் பனி மாதிரி இருக்கும்" என்பாள் பாண்டீஸ்வரி.

இவ்வளவு விவரம் சொல்கிறவளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். முப்பத்தஞ்சு வயது வரைக்கும் "இன்னும் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் "இல்ல" என்று மட்டும் சொன்னாள். தத்தெடுக்கப் பதிந்து வைத்த பிறகு மறுபடியும் "இன்னும் இல்ல" என்றே சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தை திரும்பி வந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

கடையில் மிச்சமாகிற துண்டுத் தாளையும் உடைந்த ஐஸ் குச்சியையும் முதலாளியிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பாள். அவள் வீட்டுக்காரன் அருண்பாண்டி பைபாஸ் ரோட்டில் டூவீலர் மெக்கானிக். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நான் அஞ்சு வயசுப் பிள்ள. சொல்லித்தா" என்பான். கிரீஸ் ஏறிய விரலால் ஒட்டும்போது தாள் பறவையின் சிறகெல்லாம் கறுப்பாகிவிடும்.

"பிள்ளைக்கு இம்புட்டு பெரிய விரலா இருக்கும்?"

"நம்ம பிள்ளைக்கு இருக்கும்."

இரண்டு பேரும் சிரிப்பார்கள். பிறகு அவள் எல்லாவற்றையும் அள்ளி பீரோவுக்கு மேலே அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பாள்.

நாலு வருஷம் இப்படிப் போனது. முதலில் கைக்குழந்தை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலாவது வருஷம் தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போனில் பேசினார். வளர்ந்த பிள்ளை என்றால் சம்மதமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டு பாண்டீஸ்வரி வீட்டுக்காரன் முகத்தைப் பார்த்தாள்.

"பெரிய பிள்ளைன்னா கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியும்ல" என்றான் அருண்பாண்டி.

மார்ச் மாதம் மீனா வந்தாள். ஏழு வயது. வேறொரு ஜில்லாவில் இருந்த பிள்ளைகள் இல்லத்திலிருந்து ஒரு துணிப்பையோடு வந்தாள். பையில் மூன்று கவுனும் ஒரு சீப்பும் இருந்தன. பாண்டீஸ்வரி கடையில் மூணு மாதம் லீவு சொல்லியிருந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே பெட்டியை இறக்கி, பாய் விரித்து, ஐஸ் குச்சியில் போட்டோ சட்டம் செய்யலாம் என்று உட்கார்ந்தாள். இந்த நாளை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள். பிள்ளை பசையைக் கொட்டும், தலைமயிரில் ஜிகினா ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட வேண்டியிருக்கும்.

மீனா ஒரு சொட்டுப் பசையும் கீழே விடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தாள். முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "விருந்தாளிங்க எப்ப வருவாங்க ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

பாண்டீஸ்வரிக்குப் புரியவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது. இல்லத்தில் பிறந்தநாள் சாப்பாடு போட ஆட்கள் வருவார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று, செய்து வைத்ததை ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். மீனா அந்த ஊரில் வாழ்த்து அட்டையும் பூச்செண்டும் எத்தனையோ செய்திருக்கிறாள். ஒன்றுகூட அவளிடம் இல்லை.

"இது ஒனக்குத்தாண்டா தங்கம். நீயே வச்சுக்க."

மீனா தலையாட்டினாள். சட்டத்தை எடுத்துப் போய் வாசல் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

அடுத்த வாரம் அலங்காநல்லூரிலிருந்து அருண்பாண்டியின் அக்கா மாயக்காள் பிள்ளையைப் பார்க்க வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் மீனா சட்டத்தை இரண்டு கையாலும் நீட்டி, "வந்ததுக்கு நன்றி ஆன்ட்டி" என்றாள். மாயக்காளுக்கு வாயெல்லாம் பல். "எம்புட்டு மரியாதையான பிள்ள. குடுத்துவச்சவடி நீ" என்று பையில் வைத்துக்கொண்டு போனாள். பாண்டீஸ்வரி காலி ஸ்டூலைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அப்படியே போனது. பேனா ஸ்டாண்டு சிலிண்டர் போடுகிறவருக்கு. கம்பளி நூல் சுற்றிய வளையல் வீட்டுச் சொந்தக்கார அம்மாவுக்கு. சிலிண்டர்காரர் அதை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் திருதிருவென்று விழித்தபடி நின்றார். பாண்டீஸ்வரியையும் அருண்பாண்டியையும் மீனா ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிட்டாள். வந்து போகிறவர்களையும் அப்படித்தான் கூப்பிட்டாள். தானும் அவளுக்கு வந்து போகிற ஆள்தானோ என்று பாண்டீஸ்வரிக்குத் தோன்றும். பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்தது. இருந்தும் பிள்ளைக்கு ஏங்கின ஏக்கம் குறையவில்லை. முன்னாலாவது பிள்ளை எங்கேயோ தூரத்தில் இருந்தது.

"போகப்போக சரியாகும்" என்றான் அருண்பாண்டி.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டு வந்தபோது மீனாவைக் காணவில்லை. கட்டிலுக்கு அடியில் கால் தெரிந்தது. குனிந்து பார்த்தாள். அருண்பாண்டியின் பழைய செருப்பு டப்பா ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தாள் பிள்ளை.

"தீக்குச்சி ஒண்ணுகூட ஒடிக்கல ஆன்ட்டி. எல்லாம் டம்ளர்ல இருக்கு" என்றாள் பயத்தோடு.

டப்பாவை வெளியே இழுத்தார்கள். உள்ளே எட்டுத் தீப்பெட்டிகள், நாலு நாலாக இரண்டு வரிசை. ஒவ்வொன்றும் ஒரு கட்டில். ஒவ்வொரு கட்டிலிலும் தாளில் வெட்டி வர்ணம் அடித்த ஒரு பிள்ளை. பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, கம்பிக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தது. பசை எங்கும் வழிந்து கிடந்தது. ஒரு கட்டில் கோணலாக ஒட்டியிருந்தது.

"இது யாரு?"

"தீப்தி. பக்கத்துக் கட்டில் என்னோடது. இது பெரிய சுதா, இது சின்ன சுதா." டப்பாவில் வாசல் மாதிரி வெட்டிய இடத்தில் நின்ற பொம்மையைக் காட்டி, "இது சமையக்கார அக்கா" என்றாள்.

பாண்டீஸ்வரி அந்தப் பெட்டிக்குள் தன்னைத் தேடினாள். தேடக்கூடாது என்று தெரிந்துதான் தேடினாள். இல்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தாள் பொம்மை மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. முகத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது மீனா நகராமல் அதே இடத்தில் இருந்தாள்.

"எல்லாரும் போர்வ இல்லாமப் படுத்திருக்காகளே" என்றாள் பாண்டீஸ்வரி.

பழைய சேலைத் துண்டுகளை எடுத்துப் போட்டாள். மீனா நெருங்கி வந்து உட்கார்ந்தாள்.

"தீப்திக்குப் பச்ச. அவ பச்சதான் கேப்பா."

எட்டுப் போர்வை வெட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. வந்த இரண்டு மாதத்தில் பேசாததையெல்லாம் மீனா அந்த ஒரு மணி நேரத்தில் பேசினாள். தீப்திக்கு நகம் கடிக்கிற பழக்கம். பல்லி என்றால் பயம். படுக்கையில் ஒன்றுக்குப் போய்விடுவாள். மற்ற பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னால் மீனாதான் எழுந்து அவளுக்குப் பெட்ஷீட்டை மாற்றிவிடுவாள். யாருக்கும் தெரியாது.

மறுநாள் மாயக்காள் மறுபடியும் வந்தாள். படி ஏறுகிற சத்தம் கேட்டதும் மீனா டப்பாவைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு மறைத்துக்கொண்டு நின்றாள். கையில் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு அத்தைக்கு ஒண்ணும் செய்யலையா?" என்றாள் மாயக்காள்.

"காப்பி குடிங்க மதினி" என்று டம்ளரை அவள் கையில் கொடுத்தாள் பாண்டீஸ்வரி. பிள்ளை ஒன்றையாவது தனக்கென்று வைத்துக்கொண்டதில் அவளுக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு நிம்மதி.

திங்கட்கிழமை காலையில் இல்லத்துக்குப் போன் போட்டாள். மீனாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து தீப்தியைக் காட்டலாமா என்று கேட்டாள். எதிர்முனையில் பொறுப்பாளர் அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தீப்திக்கும் ஒரு குடும்பம் அமைஞ்சிருச்சும்மா. போய்ப் பத்து நாளாச்சு. எங்கன்னு நான் சொல்லக்கூடாது. உங்க நம்பர எழுதி வச்சுக்கிறேன். அவங்களா விருப்பப்பட்டா பேசுவாங்க."

மத்தியானம் சாப்பிட வந்த அருண்பாண்டியிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்பச் சொல்ல வேணாமே. பிள்ள தன்னால மறந்துரும்."

"நாம நாலு வருஷம் போனையே பாத்துக்கிட்டு இருந்தோம்ல. என்னன்னே தெரியாம இருந்தது எப்படி இருந்துச்சு? அந்தப் பாட்ட அவளும் படணுமா?"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து, "நானும் இருக்கேன். இப்பயே சொல்லு" என்றான். பட்டறைக்குப் போன் செய்து வரத் தாமதமாகும் என்றான்.

மீனா ஜன்னலோரம் செருப்பு டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். பாண்டீஸ்வரி கீழே உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். தீப்திக்கு அம்மா அப்பா கிடைத்துவிட்டார்கள், வேற ஊருக்குப் போய்விட்டாள், எந்த ஊர் என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள், நம் போன் நம்பர் அங்கே இருக்கிறது, ஒருநாள் பேசினாலும் பேசலாம், பேசாமல் போனாலும் போகலாம்.

மீனா பச்சைப் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அங்க அவளுக்குப் பெட்ஷீட் யாரு மாத்துவாங்க?"

"அவுக அம்மா மாத்துவாக."

"திட்டுவாங்களா?"

"தெரியலடா. திட்ட மாட்டாகன்னு நெனைக்கிறேன்."

அப்போதுதான் பிள்ளைக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, தரையில் காலை உதைத்து அழுதாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அருண்பாண்டி என்ன செய்வது என்று தெரியாமல் ஃபேனைக் கூட்டி வைத்தான். பாண்டீஸ்வரி தூக்கி மடியில் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளையின் தலை தானாகவே அவள் தொடையில் சாய்ந்தது. பாண்டீஸ்வரிக்கும் கண் நிறைந்து வழிந்தது.

அழுகை அடங்கி விக்கல் ஆனபோது மீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க ஏன் அழறீங்க? உங்களுக்குத் தீப்தியத் தெரியாதே."

"எனக்கும் அந்த மாதிரி ஒரு ஆள நெனச்சு அழுது பழக்கம்."

"யாரு?"

"அப்ப பேரு தெரியாது. எங்க இருக்குன்னும் தெரியாது."

மீனா யோசித்தாள். "இப்பத் தெரியுமா?"

"தெரியும்."

பிள்ளை அதற்கு மேல் கேட்கவில்லை. புரிந்ததா என்று பாண்டீஸ்வரிக்கும் தெரியவில்லை. தெருவில் அயர்ன் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அருண்பாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் பட்டறைக்குப் போயிட்டு வாரேன்" என்றான். போகாமல் நிலைப்படியிலேயே நின்றான்.

மீனா கவுனால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பசிக்குது" என்றாள்.

இரண்டு மாதமாகத் தட்டில் வைத்ததைச் சாப்பிட்டு எழுந்தவள், அதுவரை ஒருநாளும் வேண்டும் என்று கேட்டதில்லை. பாண்டீஸ்வரி எழுந்து சேலையை உதறிச் செருகினாள்.

"சோறு இருக்கு. மாவும் இருக்கு. என்ன வேணும்?"

"தோச" என்றாள் மீனா. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு. முறுகலா" என்றாள்.